சக்கரம் எவ்வளவு வெளியே வரலாம்?

2024 அக்டோபர் நடுவில் சென்னைக்கு ரெட் அலர்ட் அறிவித்ததும் வேளச்சேரி மேம்பாலத்தின் ஓரமெல்லாம் கார்கள் ஏறி நின்றன. அபராதம் போடுவார்கள் என்று பேச்சு கிளம்பியபோதும் பலர் வண்டியை இறக்கவில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. 2015 டிசம்பர் 1 காலை தொடங்கி மறுநாள் காலை வரை தாம்பரத்தில் பெய்த மழை 49 சென்டிமீட்டர். அடையாறு தொடங்கும் பகுதியை ஒட்டிய முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் அப்போது தெருவில் படகு ஓடியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து அதே பாடத்தைப் பள்ளிக்கரணைப் பக்கம் இன்னொரு முறை நடத்தியது. அதன் பிறகு சிலர் ஜாக்கி வைத்து வீட்டையே தூக்கினார்கள். வேறு சிலர் வண்டியைத் தூக்கினார்கள்.

வண்டியைத் தூக்குவதற்கு வெள்ளம் மட்டும்தான் காரணம் என்றால் நான் நம்ப மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டலூர் – கேளம்பாக்கம் சாலையில் அரை மணி நேரம் நின்று பார்த்தால் போதும். லிஃப்ட் கிட் போட்ட தார், ஜிம்னி, பழைய ஜிப்ஸி, ராணுவம் கழித்துப் போட்ட ஜீப் எனக் கண்ணில் படும். தடித்த டயர் பாடியைத் தாண்டி நாலு விரல் வெளியே நிற்கும். அந்த நாலு விரல்தான் இந்தக் கட்டுரையின் விஷயம். வண்டியை உயர்த்துகிறவர்கள் எத்தனை அங்குலம் ஏற்றுவது என்று மாதக்கணக்கில் யோசிக்கிறார்கள். சக்கரம் பக்கவாட்டில் எங்கே நிற்க வேண்டும் என்பதைக் கடைக்காரரிடம் விட்டுவிடுகிறார்கள். அவரும் “மைனஸ் ஆஃப்செட் போட்டுடலாம் சார், கெத்தா இருக்கும்” என்று முடித்துவிடுகிறார். எனக்குத் தெரிந்தவரை, வண்டி ஓடும் விதத்தைக் கெடுப்பதில் உயரத்தைவிட இந்தப் பக்கவாட்டு முடிவுக்குத்தான் பங்கு அதிகம்.

முதலில் அளவு. சக்கரத்தைக் கழற்றி, ஹப்பில் போய் உட்காரும் பக்கம் மேலே இருக்கும்படி தரையில் படுக்க வையுங்கள். ரிம்மின் உள்விளிம்பின் மேல் ஒரு நேரான இரும்புச் சட்டத்தைக் குறுக்கே போடுங்கள். அந்தச் சட்டத்திலிருந்து கீழே, ஹப்பில் ஒட்டி உட்காரும் தட்டையான முகம் வரை டேப் பிடித்தால் கிடைப்பது பேக்ஸ்பேசிங். போல்ட் இறுகும் முகத்துக்குப் பின்னால், வண்டியின் உட்பக்கமாக, ரிம் எவ்வளவு தூரம் போகிறது என்பதை அது சொல்கிறது. அமெரிக்க ஆஃப்ரோடு ரிம்களில் இதை அங்குலத்தில் குறிப்பார்கள். நம் ஊர்க் கடைகளில் புழங்குவது ஆஃப்செட். ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து அந்த முகம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதே ஆஃப்செட். மில்லிமீட்டரில் சொல்வார்கள். அலாய் வீலின் உட்புறத்தில் ‘ஈ.டி.’ என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் பொறித்திருக்கும். முகம் நடுக்கோட்டுக்கு வெளிப்பக்கம் இருந்தால் பிளஸ். சக்கரம் வண்டிக்குள் ஒடுங்கி நிற்கும். உள்பக்கம் இருந்தால் மைனஸ். சக்கரம் வெளியே பிதுங்கும்.

ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கண்டுபிடிப்பது பள்ளிக்கூடக் கணக்குதான். ரிம்மின் முழு அகலத்தில் பாதியை எடுத்து ஆஃப்செட்டைக் கூட்டினால் பேக்ஸ்பேசிங் வந்துவிடும். மைனஸ் என்றால் கழிக்க வேண்டும். தவறு நடக்கும் இடம் ‘முழு அகலம்’. 7 அங்குல ரிம் என்று சொல்லும்போது அந்த 7 என்பது டயர் உட்காரும் இடத்தின் அகலம் மட்டுமே. இருபுறமும் விளிம்பின் தடிமன் அரை அரை அங்குலம் உண்டு. ஓரத்திலிருந்து ஓரம் அளந்தால் ஏறக்குறைய 8 அங்குலம் வரும். இந்த ஓர் அங்குலத்தை மறந்துவிட்டுக் கணக்குப் போட்டால் பேக்ஸ்பேசிங்கில் அரை அங்குலம் பிசகும். சக்கரத்துக்கும் சஸ்பென்ஷனுக்கும் நடுவே பல வண்டிகளில் மொத்த இடைவெளியே அவ்வளவுதான் இருக்கும்.

இப்போது ஓர் உண்மையான வண்டி. 2023 ஜூனில் ஐந்து கதவுகளோடு விற்பனைக்கு வந்த மாருதி ஜிம்னிக்குக் கம்பெனியில் வரும் டயர் 195/80 ஆர்15. ரிம்மின் அகலம் ஐந்தரை அங்குலம், ஆஃப்செட் பிளஸ் 5. கணக்குப் போட்டால் பேக்ஸ்பேசிங் 87 மில்லிமீட்டரும் சொச்சமும். டயரின் அகலத்தை 195 என்றே வைத்துக்கொண்டால், ஹப் முகத்திலிருந்து உள்ளே 102.5 மி.மீ. வரை ரப்பர் போகிறது, வெளியே 92.5 மி.மீ. வருகிறது.

லிஃப்ட் செய்த ஜிம்னிக்குப் பலரும் ஆசைப்படுவது 235/75 ஆர்15. விட்டம் 693 மி.மீட்டரிலிருந்து 733 ஆகிறது. அகலம் 40 மி.மீ. கூடுகிறது. இந்த டயருக்கு ஐந்தரை அங்குல ரிம் ஒடுக்கம் என்பதால் 7 அங்குல ரிம் என்று வைத்துக்கொள்வோம். கூடிய 40 மி.மீட்டரை எங்கே வைப்பது? ஆஃப்செட்டை பிளஸ் 5 ஆகவே விட்டால் உள்ளே 20, வெளியே 20 என்று பிரியும். உள்ளே போகும் அந்த 20 மி.மீ., ஸ்டீயரிங்கை முழுசாக ஒடிக்கும்போது ஆக்சிலைப் பிடித்திருக்கும் ஆர்மிலோ சேஸிலோ போய் உரசும். உள்பக்க இடைவெளியைத் துளியும் குறைக்காமல் இருக்க வேண்டுமானால் ஆஃப்செட்டை மைனஸ் 15க்குக் கொண்டுபோக வேண்டும். அப்போது 40 மி.மீட்டரும் வெளியே வந்துவிடும். அந்த 7 அங்குல ரிம்மின் பேக்ஸ்பேசிங் எவ்வளவு என்று பாருங்கள்: 101.6இல் 15 போக, 86.6 மி.மீ. பழைய ரிம்முக்கும் இதற்கும் ஒரு மில்லிமீட்டர்தான் வித்தியாசம். ஆஃப்ரோடு ஆட்கள் ஆஃப்செட்டைவிட பேக்ஸ்பேசிங்கை நம்புவது இதனால்தான். ரிம்மின் அகலம் மாறும்போது ஆஃப்செட் எண் கண்ணை ஏமாற்றும். உள்விளிம்பு எங்கே நிற்கிறது என்பதை பேக்ஸ்பேசிங் நேராகச் சொல்லிவிடும்.

ஆனால் பேக்ஸ்பேசிங்குக்கு வெளிப்பக்கம் தெரியாது. அங்கேதான் மற்ற கதைகள் எல்லாம் நடக்கின்றன.

அவற்றுக்குப் போகும் முன் ஒரு நம்பிக்கையை உடைக்க வேண்டியிருக்கிறது. “லிஃப்ட் பண்ணியாச்சு, இனிமே டயர் இடிக்காது” என்பார்கள். வண்டி நிற்கும்போது அது உண்மை. ஸ்பிரிங்குக்கு அடியில் 50 மி.மீ. ஸ்பேசர் வைத்தால் பாடி 50 மி.மீ. மேலே போகிறது, மட்கார்டுக்கும் டயருக்கும் இடையில் கை புகும் அளவு இடம் தெரிகிறது. ஆனால் முடிச்சூர் சாலையில் வெள்ளைக் கோடு அழிந்துபோன ஒரு வேகத்தடை மேல் நாற்பதில் ஏறினால் என்ன ஆகும்? ஸ்பிரிங் முழுசாக அமுங்கி, பம்ப் ஸ்டாப் ரப்பரில் போய் முட்டும். சக்கரம் மேலே எங்கே போய் நிற்க வேண்டும் என்று தீர்மானிப்பது அந்த ரப்பர்தான். லிஃப்ட் அதை மாற்றவில்லை என்றால், அமுங்கிய நிலையில் சக்கரம் பழைய இடத்துக்கேதான் வருகிறது. 20 மி.மீ. கூடுதல் ஆரமும் 40 மி.மீ. கூடுதல் அகலமும் கொண்ட டயர், பழைய டயருக்கென்று அளந்து விட்ட பொந்துக்குள் நுழையப் பார்க்கிறது. வெளியே தள்ளிய சக்கரமானால் மட்கார்டின் உதட்டிலேயே போய் வெட்டுப்படும். அதனால் நல்ல லிஃப்ட் கிட்டில் பம்ப் ஸ்டாப்பையும் நீட்டித் தருவார்கள். விலை குறைந்த கிட்டில் முதலில் காணாமல் போவது இதுதான்.

அமுங்குவது ஒரு திசை. ஸ்டீயரிங்கை ஒடிப்பது இன்னொன்று. முன்சக்கரம் தன் நடுவைச் சுற்றித் திரும்புவதில்லை. கிங் பின் அல்லது பால் ஜாயிண்டுகள் வழியாகப் போகும் ஒரு சாய்ந்த கோட்டைச் சுற்றித் திரும்புகிறது. அந்தக் கோட்டை ஸ்டீயரிங் அச்சு என்று வைத்துக்கொள்வோம். அச்சிலிருந்து டயரின் நடுக்கோடு 20 மி.மீ. தள்ளி இருப்பதாகக் கொண்டு கணக்கிட்டால், ஜிம்னியின் பழைய டயரின் வெளிமூலை 366 மி.மீ. ஆரத்தில் வட்டம் வீசுகிறது. 235 டயரை மைனஸ் 15 ரிம்மில் போட்டால் அந்த ஆரம் 399 ஆகிறது. 33 மி.மீ. வித்தியாசம். முன்னால் பம்பரின் மூலையும் பின்னால் மட்கார்டின் உட்பக்கமும் அந்த 33 மி.மீட்டருக்குள் வந்தால் அடிபடும். உள்ளே ஆர்மில் உரசியதைத் தீர்க்கப் போய் பம்பரை அறுக்க வேண்டியதாகிறது. பம்பரை வெட்டிய லிஃப்ட் வண்டிகளைப் பார்க்கும்போது, அது ஸ்டைலா, வேறு வழியில்லாமல் செய்ததா என்று எனக்கு ஒரு சந்தேகம் எப்போதும் வரும்.

அடுத்தது கண்ணுக்குத் தெரியாதது. ஸ்டீயரிங் அச்சை நேராகக் கீழே நீட்டினால் தரையை ஓர் இடத்தில் தொடும். டயர் தரையைத் தொடும் பரப்பின் நடு இன்னோர் இடத்தில் இருக்கும். இந்த இரண்டுக்கும் இடையிலான பக்கவாட்டு தூரத்துக்கு ஸ்கிரப் ரேடியஸ் என்று பெயர். டயரின் நடு வெளியே இருந்தால் பாசிட்டிவ், உள்ளே இருந்தால் நெகட்டிவ். வண்டியை வடிவமைப்பவர்கள் இந்தத் தூரத்தை மிகவும் கவனமாக வைப்பார்கள். 1972இல் வந்த ஆடி 80 காரில் இதை வேண்டுமென்றே நெகட்டிவாக வைத்தார்கள். பிரேக் லைனில் ஒன்று பழுதாகி ஒரு முன்சக்கரம் மட்டும் பிடித்தாலும் வண்டி ஒரு பக்கம் இழுத்துப் போகாமல் தன்னைத்தானே நேராக்கிக்கொள்ள வேண்டும் என்பது நோக்கம். அந்த யோசனை பிறகு உலகம் முழுக்கப் பரவியது.

மைனஸ் ரிம் போடும்போது நாம் செய்வது அதற்கு நேர் எதிர். ஜிம்னிக் கணக்கில் பிளஸ் 5இலிருந்து மைனஸ் 15க்குப் போனால் டயரின் நடு 20 மி.மீ. வெளியே நகர்கிறது. டயர் பெரிதானதால் இதில் சிறு சலுகை உண்டு. அச்சு சாய்ந்து இருப்பதால், ஹப் உயர உயர அது தரையைத் தொடும் புள்ளியும் வெளியே நகரும். சாய்வு 8 பாகை அளவில் இருந்தால், 20 மி.மீ. உயர்வுக்கு அது ஏறக்குறைய 3 மி.மீ. நகர்கிறது. அதாவது பெரிய டயருக்கு ஈடாகச் சக்கரத்தை 3 மி.மீ. வெளியே தள்ளினால் ஸ்டீயரிங்குக்குப் பழைய குணமே இருக்கும். இயற்பியல் தரும் சலுகை அவ்வளவுதான். மீதி 17 மி.மீட்டரும் கடன்.

அந்தக் கடனை ஜி.எஸ்.டி. சாலையில் மழை நாளில் கட்டுவோம். குரோம்பேட்டைக்கும் பெருங்களத்தூருக்கும் நடுவே சாலையின் இடது ஓரத்தில் தண்ணீர் தேங்கி நிற்க, அறுபதில் போகிற வண்டியின் இடது முன்சக்கரம் மட்டும் அதில் இறங்குகிறது. தண்ணீர் அந்தச் சக்கரத்தைப் பின்னால் இழுக்கிறது. இழுக்கும் விசை அச்சுக்கு எவ்வளவு வெளியே விழுகிறதோ அவ்வளவு பலமாகச் சக்கரம் இடப்பக்கம் திரும்பப் பார்க்கும். ஸ்டீயரிங் கையைப் பிடுங்கிக்கொண்டு குட்டைக்குள்ளேயே இன்னும் இறங்கும். குழியில் விழுந்தாலும், பிரேக் போடும்போது ஒரு பக்கம் மணலும் மறுபக்கம் தாரும் இருந்தாலும் இதே கதை. பவர் ஸ்டீயரிங் இந்த உதையில் பெரும்பகுதியை ஓட்டுபவரிடமிருந்து மறைத்துவிடும். டை ராடு எண்டிடமிருந்தும் பால் ஜாயிண்டிடமிருந்தும் மறைக்காது.

பேரிங்குக்கு இதைவிடக் கஷ்டம். ஒரு வாளித் தண்ணீரை உடம்போடு ஒட்டிப் பிடித்து நிற்பதற்கும் கையை நீட்டிப் பிடித்து நிற்பதற்கும் உள்ள வித்தியாசம்தான். எடை ஏறவில்லை, தூரம் ஏறியிருக்கிறது. கம்பெனி ரிம்மில், சக்கரம் தாங்கும் எடை ஹப்புக்குள் இருக்கும் பேரிங்கின் மேல் முடிந்தவரை நேராக இறங்கும்படி ஆஃப்செட்டை வைத்திருப்பார்கள். ஒரு சக்கரத்தின் மேல் 500 கிலோ இறங்கும் கனமான எஸ்.யு.வி.யில் டயரின் நடுவை 40 மி.மீ. வெளியே தள்ளினால், வண்டி சும்மா நிற்கும்போதே ஹப்பை வளைக்கும் கூடுதல் முறுக்கு ஏறக்குறைய 200 நியூட்டன் மீட்டர். சாதாரணக் காரின் வீல் நட்டை இறுக்கச் சொல்லும் அளவு 100 நியூட்டன் மீட்டர் பக்கம் என்பதை நினைத்துக்கொண்டால் இதன் பலம் புரியும். குழியில் விழும் கணத்தில் அது பல மடங்காகும். வளைவில் திரும்பும்போது பக்கவாட்டு விசை டயரின் அடியிலிருந்து நெம்புவதால் உயரமான டயரும் தன் பங்குக்குச் சேர்க்கும். ரிம் தயாரிப்பாளர்கள் செய்யும் வளைவுக் களைப்புச் சோதனையில், எவ்வளவு முறுக்கைக் கொடுத்துச் சுழற்ற வேண்டும் என்ற சூத்திரத்துக்குள்ளேயே டயரின் ஆரமும் ஆஃப்செட்டும் இருக்கின்றன. சோதனைக்கூடம் மறக்காததைக் கடை மறந்துவிடுகிறது.

சோதனைக்கூடம் என்றதும் ஒரு வேடிக்கை நினைவுக்கு வருகிறது. இந்தக் கணக்குகளை எல்லாம் நுணுக்கமாகப் போட்டுப் பார்க்கும் ஊர்களில் ஒன்று இதே சென்னை. பாடியில் வீல்ஸ் இந்தியா 1960களிலிருந்து ரிம் செய்கிறது. செங்கல்பட்டுக்குப் போகும் வழியில் மஹிந்திரா வேர்ல்ட் சிட்டிக்குள் மஹிந்திரா கம்பெனியின் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. ஒரகடத்தில் வாகனச் சோதனைக்கென்று குளோபல் ஆட்டோமோட்டிவ் ரிசர்ச் சென்டர் இருக்கிறது. டயர் தொழிற்சாலையும் இருக்கிறது. இவற்றுக்கெல்லாம் நடுவில் ஓடும் வண்டியின் ரிம்மைப் புதுப்பேட்டையில் பழைய பாகக் குவியலிலிருந்து எடுத்து, போல்ட் ஓட்டை பொருந்துகிறதா என்று மட்டும் பார்த்து மாட்டிவிடுகிறோம். ஓட்டை பொருந்தினால் பி.சி.டி. எனும் போல்ட் வட்ட அளவு மட்டும்தான் பொருந்துகிறது. ஹப்பின் நடுத்துளை பொருந்துகிறதா என்பது வேறு கேள்வி. ஜிம்னிக்கும் ஜிப்ஸிக்கும் அது 108 மி.மீ. அளவு. ரிம்மின் துளை அதைவிடப் பெரிதாக இருந்தால் ஹப் ரிங் போட வேண்டும். இல்லையென்றால் சக்கரத்தை நடுவில் நிறுத்தும் பொறுப்பு முழுக்க நட்டுகளின் தலையில் விழும்.

வீல் ஸ்பேசரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கம்பெனி ரிம்மை வைத்துக்கொண்டே நடுவில் ஒரு வட்டத் தட்டைச் சொருகினால், தட்டின் தடிமன் எவ்வளவோ அவ்வளவு பேக்ஸ்பேசிங் குறையும். மேலே சொன்ன எல்லாத் தொல்லையும் அதே அளவில் வரும். சொருகும் வகைத் தட்டில் கூடுதலாக ஒன்று: ஸ்டட்டின் நீளத்தைத் தட்டு தின்றுவிடும். 12 மி.மீ. ஸ்டட் என்றால் நட்டுக்குள் குறைந்தது 12 மி.மீ. நீளமாவது மரை பிடித்திருக்க வேண்டும். எண்ணிப் பார்க்காமல் இறுக்குவதைப் பார்த்தால் அந்தக் கடையிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவது நல்லது.

“அகலமாக நின்றால் வண்டி கவிழாது” என்று ஒரு வாதம் உண்டு. அதில் உண்மையும் இருக்கிறது. அமெரிக்காவின் சாலைப் பாதுகாப்பு அமைப்பு, வண்டி கவிழும் அபாயத்தை மதிப்பிட எளிமையான ஒரு விகிதத்தைப் பயன்படுத்துகிறது: இரு சக்கரங்களுக்கு இடையிலான தூரத்தில் பாதியை, புவியீர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுப்பது. எண் பெரிதானால் நல்லது. கணக்குக்காக, சக்கரங்களின் இடைத்தூரம் 1400 மி.மீ., மையத்தின் உயரம் 650 மி.மீ. என்று வைப்போம். விகிதம் 1.08. இப்போது 50 மி.மீ. லிஃப்ட், அதோடு பெரிய டயரால் வந்த 20 மி.மீ. மையம் 720க்கு ஏறுகிறது, விகிதம் 0.97க்கு இறங்குகிறது. பக்கத்துக்கு 20 மி.மீ. சக்கரத்தை வெளியே தள்ளினால் 1.00 ஆகிறது. இழந்ததில் கால்வாசிதான் திரும்ப வந்தது. முழுசாக மீட்க வேண்டுமானால் பக்கத்துக்கு 75 மி.மீட்டருக்கு மேல் தள்ள வேண்டும். அப்போது பேரிங்கின் கதி என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. வெளியே தள்ளுவது உயரத்துக்கு ஓரளவு மருந்து என்பது சரி. அந்த மருந்தை நம்பி உயரத்தைக் கூட்டுவது சரியில்லை.

இவ்வளவும் எதற்காக? வெள்ளத்துக்காக என்றால், கணக்கு இன்னும் மோசம். ஜிம்னியின் தரை இடைவெளி 210 மி.மீ. அதற்கு முன்னும் பின்னும் கட்டி ஆக்சில். ஸ்பிரிங்கை எத்தனை அங்குலம் ஏற்றினாலும் ஆக்சிலின் நடுவில் இருக்கும் டிஃபரன்ஷியல் உருண்டை இருந்த இடத்திலேயே இருக்கும். அதை உயர்த்தக்கூடியது டயரின் ஆரம் ஒன்றுதான். ரிம், டயர், லிஃப்ட் எல்லாம் போட்டுச் செலவழித்தபின் அது உயர்ந்தது 20 மி.மீ. தாம்பரத்தில் அன்று பெய்த 49 சென்டிமீட்டருக்கு முன்னால் 2 சென்டிமீட்டர். வெள்ளத்தில் என்ஜினைக் கொல்வது காற்று இழுக்கும் வாய்க்குள் தண்ணீர் போவது. தண்ணீரை அமுக்க முடியாது. பிஸ்டன் அதோடு மோதினால் கனெக்டிங் ராடு வளையும். மஹிந்திரா தன் 2020 தாருக்கு 650 மி.மீ. ஆழம் வரை தண்ணீரில் இறங்கலாம் என்று சொல்வதற்குப் பின்னால் அந்த வாய் எங்கே இருக்கிறது, மின் இணைப்புகள் எவ்வளவு உயரத்தில் இருக்கின்றன என்ற வடிவமைப்பு இருக்கிறது. சக்கரத்தை வெளியே தள்ளுவதால் அதில் ஒரு மில்லிமீட்டரும் கூடாது. கூடுவது ஒன்றுண்டு: மட்கார்டைத் தாண்டி நிற்கும் டயர், தெருத் தண்ணீரைக் கதவின் மேலும் பக்கத்தில் போகிற ஸ்கூட்டர்க்காரர் மேலும் வாரி இறைக்கும்.

சட்டத்தைச் சொல்லாமல் விட முடியாது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று உரிமையாளரின் மேல் பொறுப்பை வைத்தார்கள். டி.என்.11 எண்ணோடு தாம்பரத்தில் பதிவான வண்டி நாளை ஒரு விபத்தில் சிக்கினால், இன்சூரன்ஸ் சர்வேயர் முதலில் பார்க்கப்போவது பாடிக்கு வெளியே நிற்கும் அந்த டயரைத்தான். உற்பத்தியாளர் அதே மாடலின் ஏதாவது ஒரு வேரியண்ட்டுக்குக் கொடுத்த டயர், ரிம் அளவுக்குள் நிற்பதே பொதுச்சாலையில் ஓடும் வண்டிக்குப் பாதுகாப்பு. அதைத் தாண்டிய அளவுகள் தனியார் நிலத்தில், சேற்றுப் பந்தயத்துக்கென்றே வைத்திருக்கும் வண்டிக்குப் பொருந்தும்.

அப்படி ஒரு வண்டி வைத்திருப்பவர்களுக்கு, தேர்வு செய்யும் வரிசையைத் திருப்பிப் போடச் சொல்வேன். பெரும்பாலோர் முதலில் ரிம்மைப் பார்த்து மயங்குகிறார்கள். பிறகு அதற்கு டயர், பிறகு அது இடிக்காமல் இருக்க லிஃப்ட். முதலில் முடிவாக வேண்டியது டயரின் அளவு. அந்த டயருக்கு ஏற்ற ரிம்களில் மிக ஒடுக்கமான அகலத்தை எடுங்கள். ஒடுக்கமான ரிம் சேற்றில் காற்றைக் குறைத்து ஓட்டும்போது டயரின் ஓரத்தை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் பேக்ஸ்பேசிங். உள்ளே எதிலும் படாமல் எவ்வளவு அதிகமாக வைக்க முடியுமோ அவ்வளவு வையுங்கள். அதாவது, சக்கரம் வெளியே வருவது தேவையின் அளவுக்கு மட்டுமே.

தேவையின் அளவை வண்டியே சொல்லும். ஒரு முன்சக்கரத்தையும் அதற்கு மூலைவிட்டமான பின்சக்கரத்தையும் மேடையில் ஏற்றி ஸ்பிரிங் பம்ப் ஸ்டாப்பில் முட்டும்வரை அமுக்குங்கள். ஸ்டீயரிங்கை இடது கோடி வரைக்கும் வலது கோடி வரைக்கும் ஒடியுங்கள். ஆர்ம், சேஸ், ஸ்டெபிலைசர் பார், பிரேக் ஹோஸ், மட்கார்டின் உதடு என்று சந்தேகப்படும் இடங்களில் பிள்ளைகள் விளையாடும் களிமண்ணை ஒட்டி வைத்தால், எங்கே எவ்வளவு நெருங்குகிறது என்று அதில் பதிந்துவிடும். உள்பக்கத்தில் எந்த இடத்திலும் 10 மி.மீட்டருக்குக் குறையக் கூடாது. சேறு அப்பும், புஷ் தேயும், ரப்பர் பிதுங்கும். இவற்றுக்கெல்லாம் சேர்த்துத்தான் அந்த 10. இதைச் செய்ய அரை நாள் ஆகும். காசு கொடுத்தாலும் இதைச் செய்து தரும் கடைகள் குறைவு.

மாற்றியபின் ஸ்பீடோமீட்டரையும் நம்பாதீர்கள். ஜிம்னியில் 235 டயர் போட்டால் முள் 60 காட்டும்போது வண்டி அறுபத்து மூன்றரையில் ஓடுகிறது. பிரேக் பிடிக்கும் தூரம் அந்த உண்மையான வேகத்துக்குத்தான். முதல் நூறு கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை டார்க் ரெஞ்ச் வைத்து மறுபடி பாருங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங்.

அன்றாடம் ஆபீசுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஓடும் வண்டி என்றால் என் சிபாரிசு எளிது: கம்பெனி ரிம், கம்பெனி ஆஃப்செட், நல்ல டயர். மழைக்கு ரெட் அலர்ட் வந்தால் மேம்பாலமோ மேட்டுத் தெருவோ பார்த்து நிறுத்துங்கள். மற்றவர்கள் ரிம் வாங்கப் போகும்போது ஒரு டேப்பையும் நேரான சட்டத்தையும் கையோடு எடுத்துப் போங்கள். பேக்ஸ்பேசிங் எவ்வளவு என்று கேட்டால் அளந்து காட்டாத கடையில் முன்பணம் கொடுக்காதீர்கள்.